பாகு முறுகும் நேரம்

கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் மல்லி, மிளகு, உலர்மஞ்சள் எல்லாம் கலந்த ஒரு நெடிதான் முதலில் வரும், அதிலிருந்து கருப்பட்டி வாசனையைத் தனியே பிரித்தெடுக்க மூக்குக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். போன கார்த்திகையில் கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டி, "இது சீனி கலந்தது, இது சுத்தம், வெல கூடும், எது வேணும் அண்ணாச்சி?" என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டார், பொய் சொல்லாத அந்த நேர்மையே எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. விலை கூடியதில் ஒன்றை எடுத்து முகர்ந்தேன், சிரட்டையின் வடிவம் உள்ளங்கையில் அப்படியே பொருந்த, ஓலை எரிந்த புகையும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பும், அக்கானி வற்றி முறுகிய அடிவாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன.

அந்தப் புகை கொண்டுபோய் விட்ட இடம் தாழக்குடியில் ஆச்சியின் அடுக்களை, ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக இறங்கும் ஒற்றை வெயில் தூணும், அதில் சுற்றிச் சுற்றி ஏறும் அடுப்புப் புகையும், அதன் நடுவே முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஆச்சியும். கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் நெல்லும் வீட்டில் கல்யாணமும் இருந்தால் முந்திரிக்கொத்து சுடாமல் தீராது, பெண்ணோடு போகும் சீரில் அது கடவம் கடவமாகப் போயாக வேண்டும். சிறுபயற்றை வறுத்து, திரிகையில் உடைத்துத் தோல் புடைத்து, பிறகு பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் சுக்கும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகை அதில் ஊற்றிச் சூடு ஆறுமுன் நெல்லிக்காயளவு உருட்ட வேண்டும், உருட்டுகிற பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே கை பொறுக்காமல் விரல்களை ஊதிக்கொள்வார்கள். மஞ்சள் போட்ட பச்சரிசி மாவில் உருண்டைகளை முக்கி, மூன்று மூன்றாக ஒட்டவைத்துத் தேங்காய் எண்ணெயில் விடுவது ஆச்சியின் வேலை, பாகின் பதம் பார்ப்பதும் அவள்தான், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, திரண்டுவந்ததை விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி வரட்டும், பொறு" என்பாள், அந்த ஒரு கொதி எவ்வளவு நேரம் என்பதைக் கேட்டவர்களும் இல்லை, எழுதிவைத்தவர்களும் இல்லை.

பலகாரம் சுடும் நாளில் அடுக்களைப் பக்கம் ஆண்கள் போகமுடியாது. பாட்டா பட்டாலையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருப்பார், வாயில் பல் ஒன்றும் பாக்கியில்லை, தமக்கு வந்த முந்திரிக்கொத்தைப் பாக்கு இடிக்கும் சிற்றுரலில் போட்டு இடித்துத்தான் தின்பார், மீதிப் பொடியை எங்கள் கையில் தட்டுவார், அதில் களிப்பாக்கும் சுண்ணாம்பும் மணக்கும். உண்மையைச் சொன்னால் பல் இருந்தவர்களுக்குமே அது கடினமான பண்டம், வாரக்கணக்கில் கெடாமல் கிடப்பதற்கென்றே முறுகவிட்டது, நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் ஓலைப்பெட்டியில் கொடுத்தனுப்பினால் பெட்டி வெறுமையாகத் திரும்பாது, ஒரு பிடி முருங்கைக்கீரையாவது, இரண்டு எலுமிச்சையாவது கிடக்கும்.

தாழக்குடிக்குப் பக்கத்தில் ஔவையாரம்மன் கோயில், ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து கொழுக்கட்டையும் கூழும் செய்து படைப்பார்கள், அது பகலில் எல்லோரும் பார்க்க நடப்பது. வீட்டுக்குள் நடக்கும் ஔவை நோன்பு வேறு, இரவில், உப்பில்லாத மாவில், ஆண்வாடை படாமல், கைக்குழந்தை என்றாலும் ஆண் என்றால் வெளியேதான், எங்களை அடுத்த வீட்டுத் திண்ணையில் படுக்கப் போட்டுவிடுவார்கள், அந்தக் கொழுக்கட்டை என்ன உருவத்தில் இருக்கும் என்று இந்த வயது வரை நான் கண்டதில்லை. நாங்கள் கண்டதெல்லாம் கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டை, பனங்குருத்தோலையில் அரிசிமாவையும் கருப்பட்டியையும் தேங்காயையும் அடைத்துக் கட்டி, பானைக்குள் நட்டமாக நிறுத்தி அவிப்பார்கள், பச்சை ஓலை வேகும் அந்த மணம் மாவில் இறங்கியிருக்கும், அதே பனையின் காய்ந்த ஓலை கோயில் முன்னால் சொக்கப்பனையாகப் படபடத்து எரியும்.

அப்பாவுக்கு நெய்யூர்ப் பக்கம் வேலை மாறியபோது வாசனைகளும் மாறின. 1838-ல் லண்டன் மிஷன்காரர்கள் தொடங்கிய ஆஸ்பத்திரி அங்கே உண்டு, பக்கத்துவீட்டு டீச்சர் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரிடம் கேக் சுடக் கற்றவர், மார்கழிக் குளிரில் அவர் வீட்டில் சீனி கருகும் மணம் எழுந்தால் கிறிஸ்மஸ் வந்துவிட்டது என்று பொருள். ஓவன் ஏது, அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி அதன்மேல் கேக் கிண்ணத்தை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக் கனலை அள்ளிப் போடுவார், மேலும் தீ, கீழும் தீ. வெந்ததா என்று தென்னை ஈர்க்கால் குத்திப் பார்த்துவிட்டு, ஈர்க்கைத் தம் நாக்கில் தொட்டுக் கண்ணை மூடிக்கொள்வார், அந்தக் கண்மூடலில் ஆச்சியின் 'ஒரு கொதி' இருந்தது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இப்போது முந்திரிக்கொத்து வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, பிளாஸ்டிக் உறையில், மெத்தென்று, பல்லுக்கு வேலையில்லாமல். குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எதற்கென்று சுட்டார்கள் என்பது மட்டும் அதில் இல்லை, ஒரு கல்யாணமோ ஒரு கார்த்திகையோ அதன் பின்னால் நிற்பதில்லை. பனையேறுகிறவர்கள் குறைந்துபோனார்கள், கல்குளம், விளவங்கோடு மேட்டுநிலங்களில் ரப்பர் நின்றுகொண்டிருக்கிறது.

வாங்கிவந்த கருப்பட்டியை அன்று மாலை நானே தட்டி உடைத்தேன், பலகாரம் சுடும் அடுப்படியில் முதல்முறையாக நின்றேன், தடுக்க ஆள் இல்லை என்பது நின்ற பிறகுதான் உறைத்தது. அக்கா பூதப்பாண்டியிலிருந்து போனில், "கொதி அடங்கிச் சத்தம் மாறும்பாரு, அப்ப எறக்கு" என்றாள், சத்தம் மாறியது, எனக்கே கேட்டது. கொத்துகள் மூன்றாக ஒட்டவில்லை, ஐந்தும் ஆறுமாக ஒட்டிக் கிடந்தன, மனைவி அவற்றைப் பிரிக்க முனையாமல் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி எதிர் பிளாட்டுக்குக் கொண்டுபோனாள், இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளாய் அந்தக் கதவை நாங்கள் தட்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து டப்பா திரும்பி வந்தது, பளபளவென்று தேய்த்துக் கழுவி, உள்ளே ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட், விலை ஒட்டிய சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "வெறுமனே வரல்லியே" என்றாள் மனைவி, பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே.