கலியாண வீடும் துக்க வீடும்

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஒரு சனிக்கிழமை காலை ஏறி அமர்ந்தோம். பையில் அம்பத்தூர்த் திருமண அழைப்பிதழ் இருந்தது; மனத்திலோ முந்திய இரவு வந்த மரணச் செய்தி. ஆவடியில் வாழ்ந்த பழைய நண்பர் ஒருவர் இறைவனடி சேர்ந்துவிட்டார், மாலையில் அடக்கம். ஒரே நாளில், ஒரே தடத்தில், கலியாண வீடும் துக்க வீடும் நம்மை அழைத்தன.

இத்தடம் மிகப் பழமையானது. 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியேதான் சென்றது. அன்று ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர்கள் பின்னர்த் தொழில் நகரங்களாயின. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் வேலை தேடி வந்து குடியேறின. சொந்த ஊரில் கோயில் மணி துக்கம் சொன்னால் ஊரே கூடிவிடும். இங்கோ அடுத்த வீட்டாரின் பெயரே தெரியாது. உறவை விட்டு வந்தவர்களுக்குப் பங்குக் கோயிலே உறவாயிற்று.

வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் கடந்து அம்பத்தூரில் இறங்கினோம். கோயில் நிறைந்திருந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கக் கேட்டிருந்த பங்கு மக்கள், தம் வீட்டு மகளை வழியனுப்புவதுபோல் வந்திருந்தனர். பாடகர் குழு உற்சாகமாய்ப் பாடியது. பந்தியில் இடம் கிடைக்க வெகு நேரம் காத்திருந்தோம். மகிழ்ச்சியில் பங்கு கொள்வது எத்துணை எளிது!

பிற்பகலில் ஆவடி சேர்ந்தோம். நண்பரின் பிள்ளைகள் இருவரும் தொலைதூரத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தனர். அதுவரை அவ்வீட்டைத் தாங்கியவர் யார்? அத்தெருவின் அன்பியக் குடும்பங்கள்! இரவெல்லாம் விழித்திருந்து செபமாலை சொன்னவர்கள் அவர்களே. அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்குச் சோறும் குழம்பும் கொண்டுவந்தவர்களும் அவர்களே. எதிர்வீட்டு இந்து அம்மையார் காலை முதல் வந்தவர்க்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த தொழிலாளர்கள் பெட்டியைத் தோளில் சுமந்தனர்.

நாம் நண்பரின் மனைவியிடம் சென்று கைகூப்பி நின்றோம். அவர் நம்மைக் கண்டதும், "ஐயா, நீங்கள் வருவீர்கள், வருவீர்கள் என்று இரண்டு மாதமாய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார். அச்சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவர் படுக்கையில் விழுந்த செய்தி நமக்கு முன்பே தெரியும். 'அடுத்த வாரம் போகலாம்' என்று நாள் கடத்தினோம். திருமண நாளை மட்டும் மறவாமல் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தோம். மகிழ்ச்சிக்கு நாள் குறித்த நாம், துயரத்துக்கு நாள் குறிக்கவில்லை.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நமக்கு ஒரு பாடம் கற்பித்தது. கோயில்கள் மூடப்பட்டன. திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று அரசு வரையறுத்தது. அருகில் இருந்து அழவும் இயலாத அந்நாளில், ஆறுதலாய் ஒரு கை பற்றுவதன் அருமையை உணர்ந்தோம். தடை நீங்கியது, உணர்ந்ததையோ மறந்துவிட்டோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்ட, 'இன்றைய உலகில் திருச்சபை' பற்றிய ஏடு, மாந்தரின் மகிழ்ச்சியையும் துயரத்தையும், சிறப்பாக ஏழைகளின் துயரத்தை, கிறிஸ்துவின் சீடர்கள் தம்முடையனவாகக் கருத வேண்டுமென்று கூறியே தொடங்குகிறது. பங்கைச் சிறு சிறு குடும்பக் கூட்டங்களாகப் பகுத்து அன்பியம் என்று நாம் அமைத்திருப்பதன் பொருளும் இதுவே. கூடிச் செபிப்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பார்ப்பதும் அதன் கடமை.

அடக்கம் முடிந்து, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி செல்லும் பேருந்தில் ஏறினோம். இரவு அங்கே உறவினர் வீட்டில் தங்கல். பேராயர் லூயி மத்தியாஸ் ஆண்டகை 1936-இல் தொடங்கிய திரு இருதயக் குருமடம் இவ்வூரில்தான் உள்ளது. அங்கே பயிலும் இளைஞர்கள் நாளை குருக்களாகி, காலையில் மணமக்களை ஆசீர்வதித்து, மாலையில் கல்லறை மண்ணை மந்திரிப்பார்கள். ஆனால் அப்பணி குருக்களுக்கு மட்டுமே உரியதன்று. கானாவூர்த் திருமணத்தில் விருந்தினராய் அமர்ந்த ஆண்டவரே பெத்தானியாவில் லாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்டார். இரண்டு வீட்டுக்கும் அவர் சென்றார். நாமோ ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்கிறோம்.

வாசக அன்பர்களே, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கு விரையாதீர்கள். உங்கள் வரிசையில் வழக்கமாய் அமரும் முகம் ஒன்று காணவில்லையா? யாரென்று விசாரித்து, அன்றே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடுத்த வாரம் என்று நாம் தள்ளிப்போட்டதுபோல் நீங்களும் தள்ளிப்போட வேண்டாம்.