தப்பிய 35

யூனிட் டெஸ்ட் ரிசல்ட்டுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். 20, 50, 80 போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. பிறகு கம்ப்யூட்டரையே 0 முதல் 100 வரை குலுக்கி, 100 எண்களைப் போடச் சொன்னேன். அதிலும் தப்பே இல்லை!

மறுநாள், சரியாக 35 எடுத்த நண்பன் பெயருக்கு நேரே 'ஃபெயில்'. "ஏண்டா, நான் பாஸ்தானே?" என்றான். கண் கலங்கியிருந்தது. '35-உம் அதற்கு மேலும்' என்பதற்குப் பதில் '35-க்கு மேல்' என்று எழுதியிருந்தேன்!

சார் சொன்னார்: "100 தடவை குலுக்கினாலும் 35 வராமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. பத்துப் பத்தாகப் பிரித்துக் குலுக்கினால் எண்கள் பரவலாக விழும். அப்பவும் 35 தப்பலாம். முதலில் எல்லையைப் பாரு: 34, 35, 36. அப்புறம் குலுக்கு. நீ யோசிக்காததை அது பிடிக்கும்."

நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஃபெயிலானது என் புரோகிராம்தான்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்