கசிவின் ஊற்றுக்கண்

பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கும் கரியாஹாட்டுக்கும் நடுவே, ஒரு பழைய வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை வேய்ந்த கொட்டகையில், முப்பது வருஷங்களுக்கு மேலாக டீசல் அம்பாஸடர் கார்களைப் பழுதுபார்த்து வரும் எனக்கு, எந்த வேலை மிகவும் பிடித்தமானது என்று யாரேனும் கேட்டால், கசிவைத் தேடுவது என்றே சொல்வேன். எஞ்சினைப் பிரித்துக் கோப்பதற்குப் பலம் வேண்டும், பழக்கமும் வேண்டும். ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் எங்கிருந்து புறப்பட்டது என்று அறிவதற்கு, பொறுமையும், கண்ணில் பட்டதை உடனே நம்பிவிடாத சந்தேக புத்தியும், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத நேர்மையும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், உத்தர்பாராவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு 1957 முதல் 2014 மே மாதம் வரை உற்பத்தியான அம்பாஸடர், கல்கத்தாவில் மஞ்சள் டாக்ஸியாகவும், தென் கல்கத்தாவின் குடும்பங்களில் இரண்டு தலைமுறைக்குச் சொந்த வாகனமாகவும் விளங்கியது. என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பழைய டீசல் எஞ்சினைத் தாங்கியவை. பதினைந்து வயது கடந்த வணிக வாகனங்கள் 2009-இல் நீதிமன்ற உத்தரவினால் இந்நகரச் சாலைகளிலிருந்து விலக்கப்பட்ட பிறகு டாக்ஸிகள் குறைந்தன. அன்புடன் காப்பாற்றப்படும் சொந்தக் கார்கள் மட்டும் இன்னும் வருகின்றன.

எனக்குத் தொழில் கற்பித்த உஸ்தாத், கிதிர்பூரிலிருந்து தினமும் வந்துபோன முதியவர். கசிகிற வண்டி வந்தவுடன் நான் ஸ்பேனரை எடுத்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டு, டார்ச் விளக்கைக் கையில் கொடுப்பார். முதலில் அழுக்கைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கெட்டியாக உலர்ந்து, மண் அப்பிக் கிடக்கும் அழுக்கு பழைய கசிவின் அடையாளம். ஈரமாய்ப் பளபளக்கும் அழுக்கு புதியதன் அடையாளம். அதன்பின் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எஞ்சினை உலோகம் தெரியக் கழுவித் துடைத்து, சந்தேகமான இணைப்புகளின்மேல் முகப்பவுடரைத் தூவி, எஞ்சினை இருபது நிமிஷம் ஓடவிட்டு, கண்ணாடித் துண்டு ஒன்றைப் பின்னால் காட்டிப் பார்க்க வேண்டும். பிரத்தியட்சம், அனுமானம் என்று சாஸ்திரக்காரர்கள் பிரித்துச் சொல்லும் இரண்டும் அப்போது நம் கைக்கு வந்துவிடுகின்றன. தரையில் விழுந்த சொட்டு அனுமானத்துக்கு மட்டுமே உதவும். ஏனெனில் எண்ணெய் கீழ்நோக்கி இறங்குவதோடு, வண்டி ஓடும்போது காற்றினால் பின்னோக்கியும் தள்ளப்படுகிறது. ஆகையால் அதன் ஊற்றுக்கண், ஈரம் தெரியும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும்தான் பெரும்பாலும் இருக்கும்.

எந்தத் திரவம் என்பதை அறிய விரலும் மூக்கும் போதும். டீசல் எஞ்சினின் ஆயில், மாற்றிய சில நாட்களிலேயே மை போலக் கறுத்துவிடும். டிஃபரன்ஷியலில் ஊற்றும் கியர் ஆயில் பிசுபிசுப்பாகவும் கந்தக நெடியோடும் இருக்கும். பிரேக் ஆயில் தண்ணீர் விட்டால் கரைந்து போகும், பட்ட இடத்தில் பெயிண்டைத் தின்னும். பின்சக்கரத்து டிரம்முக்குள் ஈரம் கண்டால், அது சக்கர சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்ததாலா, அச்சுக் குழாய் வழியே கியர் ஆயில் வந்ததாலா என்பதை ஒரு குவளைத் தண்ணீர் தீர்த்து வைத்துவிடும். கியர் ஆயில் என்றால், சீலை மாற்றுமுன் அச்சின்மேல் உள்ள சிறு காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், தஞ்சாவூர்க்காரர், தம் காரைக் கொண்டுவந்த தினம் நன்றாக ஞாபகமிருக்கிறது. "ரெண்டு தடவை கியர் பாக்ஸை இறக்கி மாட்டியாச்சுப்பா, இன்னும் மாமி போடற கோலத்து மேலே எண்ணெய் சொட்டறது" என்றார். "ஒரு ராத்திரி வண்டியை இங்கே விட்டுட்டுப் போங்கோ மாமா" என்றேன். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில், அடியில், ஒரு துளையும் அதில் தொங்கும் ஸ்பிளிட் பின்னும் உண்டு. சொட்டு அங்கேதான் விழுந்தது. அங்கே எண்ணெயைக் கண்டவர் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையையே குற்றம் சொல்வது சகஜம். இந்த எஞ்சினிலோ அந்த முனையில் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும்படி திருகுமரை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கழுவிப் பவுடர் தூவிப் பார்த்தபோது, எஞ்சினின் பக்கவாட்டிலுள்ள டாப்பெட் மூடிகள் இரண்டில் பின்மூடியின் கீழ்க்கோணத்திலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று புறப்பட்டு, பின்விளிம்பு வழியே இறங்கி அந்தத் துளைக்கருகே போய்ச் சேர்ந்தது. மூடியின் கார்க் பேக்கிங் புதியதுதான். ஆனால் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால் தகரம் குழிந்து, விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது.

அத்துடன் நான் நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான் செய்தவனாவேன். பல வருஷம் கசியாத இடம் திடீரென்று ஏன் கசிகிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. முன்மூடியிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து தார்போல இறுகிக் கிடந்தன. வெளியேற வழியில்லாத காற்று எஞ்சினுக்குள் அழுத்தமாகி, பலவீனமான இணைப்பு எதுவோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்தேன். தகர மூடியை மரச் சுத்தியால் தட்டிச் சமமாக்கினேன். மல்லிக் பஜாரில் வாங்கிய புது கார்க்கை வைத்து, விரலால் முறுக்கியபின் ஸ்பேனரால் சிறிதளவே இறுக்கினேன். இரண்டு முறை கியர் பாக்ஸ் இறக்கிய கூலி முழுவதும் வீண் என்று அவரிடம் சொல்வது எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

டீசல் கசிவு வேறு ஜாதி. டாங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் வரை குழாயில் உறிஞ்சும் சக்தி இருப்பதால், அங்கே ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும், காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். பம்ப்புக்கு அப்பால் உள்ள இணைப்புகளில் பெரும்பாலும் செப்பு வாஷரே காரணம். பழைய வாஷர்தான் கைவசம் இருக்கிறதென்றால், அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மிருதுவாகும். எஞ்சின் ஓடும்போது இஞ்செக்டர் குழாய்களை விரலால் தடவிக் கசிவு தேடுவது மகா ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அட்டைத் துண்டைத்தான் நீட்டிப் பார்க்க வேண்டும். லிஃப்ட் பம்ப்பின் உள்ளே டயாஃப்ரம் கிழிந்தாலோ, டீசல் வெளியே சொட்டாமல் எஞ்சின் ஆயிலிலேயே கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்தால் கவலைப்படுபவர்கள், அது கூடினால் அதைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும். முகர்ந்து பார்த்து டீசல் வாசனை வந்தால் அந்த எஞ்சினை ஒரு மைல்கூட ஓட்டலாகாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

ஆடி ஆவணியில் இங்கே ஒரு மணி நேர மழைக்குச் சாலைகளில் முழங்கால் தண்ணீர் நின்றுவிடும். அதில் அச்சு முழுக ஓட்டிய வண்டியில், எண்ணெய் வெளியேறும் வழியே தண்ணீர் உட்புகும். டிஃபரன்ஷியல் பிளக்கைக் கழற்றினால் மோர் நிறத்தில் வரும். மழைக்காலம் முடிந்தவுடன் அதை நான் கேளாமலே பார்த்துவிடுவேன்.

எல்லாக் கசிவையும் நிறுத்தியே தீரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. ராக்கர் மூடியோரம் லேசாக வியர்ப்பதை ஆறு மாதம் விட்டுவைக்கலாம். பிரேக் ஆயிலும் டீசலும் ஒரு நாளைக்கும் விடக்கூடாதவை. வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள துளை வழியே தண்ணீர் சொட்டினால், உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள்; அதைச் சொல்வதற்கென்றே அந்தத் துளை வைக்கப்பட்டிருக்கிறது. அதை யாரோ ஈயம் வைத்து அடைத்து அனுப்பிய ஒரு வண்டியில், தண்ணீர் பேரிங்குக்குள் போய், ஷாஃப்ட் ஆடி, விசிறி ரேடியேட்டரைக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கசிகிற பழைய காரை மிஸ்திரியிடம் கொண்டுபோகிறவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: மரியாதையை உத்தேசித்து முதல்நாளே கழுவித் துடைத்துக் கொண்டுபோகாதீர்கள், அழுக்கோடு கொண்டுபோய், ஒரு நாள் முழுவதும் அவனிடம் விட்டுவையுங்கள்.