இருமுனை ஊசி வாங்குவோருக்கு

மும்பையில் வாழும் தமிழருக்குக் கம்பளி எதற்கு என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. மார்கழியில் சில நாட்கள் விடியற்காலையில் சற்றே குளிர்ந்தால், அதுவே நமது குளிர்காலம். ஆயினும் காட்கோபரில் எங்கள் கட்டடத்துப் பெண்மணிகள் ஐவர், பிற்பகல் வேளையில் ஊசியும் நூலுமாகக் கூடி உட்காரும் வழக்கத்தைப் பல்லாண்டுகளாக விடாமல் காத்து வருகிறோம். பின்னுவது நமக்காக அன்று. பனி பெய்யும் ஊர்களில் பிழைக்கச் சென்றுவிட்ட நம் மக்களுக்காகவும் அவர்தம் மழலைகளுக்காகவும்.

இக்கலையை எங்களுக்குப் பயிற்றியவர்கள் எங்கள் அன்னையர். 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது, இமயத்துப் பனியில் நிற்கும் ஜவான்களுக்கென்று நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டரும் காலுறையும் பின்னி அனுப்பினார்கள். அதுவரை கம்பளி நூலையே தொட்டறியாத தமிழ்ப் பெண்களும் அவ்வாண்டில் ஊசி பிடித்தார்கள். காலுறையின் குதிகாலைத் திருப்பும் நுட்பத்தை எங்கள் அன்னையருக்குச் சொல்லித் தந்தவர் அண்டை வீட்டுக் குஜராத்திப் பெண்மணி. அதனால்தானோ என்னவோ, கடைக்காரரிடம் இன்றும் நாங்கள் ‘ஸலாயி’ என்றுதான் கேட்கிறோம்; வீட்டுக்கு வந்தபின் அது ஊசியாகிவிடுகிறது.

சாதாரணப் பின்னல் ஊசிக்கு ஒரு முனை கூர், மறுமுனையில் குமிழ். இருமுனை ஊசிக்கோ இரு பக்கமும் கூர். நான்கு அல்லது ஐந்து ஊசிகள் சேர்ந்தது ஒரு தொகுதி. மூன்று ஊசிகளில் கண்ணிகளைப் பகிர்ந்து முக்கோணமாக நிறுத்தி, நான்காவதால் சுற்றிச் சுற்றிப் பின்னினால், தையலே இல்லாத குழல் உருவாகும். காலுறை, கையுறை, குல்லாய் யாவும் இவ்வழியில் பிறப்பவை. இது புதுமையன்று. ஏறக்குறைய 1400ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராம் தீட்டிய பலிபீட ஓவியத்தில், மரியன்னை தம் குழந்தையின் சட்டையை இவ்வாறே வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

தையல் இல்லாமையின் அருமையை நாங்கள் உணர்ந்தது எங்களுள் மூத்தவருக்குப் பேத்தி பிறந்தபோது. டொராண்டோவில் குறைமாதத்தில் பிறந்த சிசு. தலை சின்னஞ்சிறு தேங்காயளவு. பாட்டிக்கு விசா கிடைக்கவில்லை. போக இயலாதவர் பின்னியாவது அனுப்ப வேண்டும் என்றார். மெல்லிய தோலில் தையல் உறுத்தலாகாது. ஆகவே இருமுனை ஊசிதான் வேண்டும். ஆனால் அவருக்கோ விரல் மூட்டுகளில் வாதம். எந்த ஊசி என்பது அன்று எங்களுக்கு வெறும் கடைச் சமாசாரமாக இருக்கவில்லை. அந்தக் கைகளால் இப்பணி முடியுமா முடியாதா என்பதே அதைப் பொறுத்திருந்தது.

முதலில் பொருளைக் கவனித்தோம். எஃகு ஊசியில் நூல் விரைந்து ஓடும், கைதேர்ந்தவர்க்கு உகந்தது. ஆனால் அது கனமானது. கண்ணியும் எளிதில் நழுவும். நம்மூர் ஈரக்காற்றில் துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து வாங்குவது உசிதம். அலுமினியம் இலேசானது, எனினும் வியர்வைக் கையில் வெண்ணூலின்மீது சாம்பல் நிறம் படிவதுண்டு. மூங்கில் ஊசி இலேசு, கைக்கு இதம், கண்ணியைப் பிடித்து நிறுத்தும். மூத்தவருக்கு மூங்கிலையே தேர்ந்தோம். வாங்குமுன் அதன் முனையைப் பழைய பட்டுத் துணியில் இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அவ்வூசி வேண்டாம்.

அடுத்தது பருமன். இங்கேதான் பலர் திகைப்பர். நம் கடைகளில் வழங்கும் பழைய ஆங்கில அளவில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25, 14ஆம் எண் 2. அமெரிக்க அளவிலோ எண் ஏற ஏற ஊசி பருக்கும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். வெளிநாட்டு மகள் அனுப்பும் குறிப்பைப் பார்த்து இங்கே ஊசி வாங்குவோர் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்பதே நலம்.

நீளத்தில் குல்லாய்க்கு 20 சென்டிமீட்டர், காலுறைக்கு 15 போதும். கையுறை விரலுக்கு இன்னும் குட்டையானது கைக்கு அடங்கும். கூடுமானால் ஐந்து ஊசித் தொகுதியையே வாங்குங்கள். ஒன்று தொலைந்தாலும் நான்கைக் கொண்டு வேலை நடக்கும்.

ஊசி வாங்கும்போது நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘போனி’ என்ற பெயரில் உலகெங்கும் செல்லும் பின்னல் ஊசிகளைச் செய்யும் நிறுவனம், 1949இல் தோன்றி, நம் நீலகிரியின் கேத்தியில் இயங்குவது. பிழைப்புக்காக மலையிறங்கிக் கடல் கடந்தவை நம் பிள்ளைகள் மட்டும் அல்ல போலும்!

மூத்தவர் 3.25 மில்லிமீட்டர் மூங்கில் ஊசிகளில், ஊசிக்கு 24 வீதம் 72 கண்ணிகள் ஏற்றினார். ஊசி மாறும் இடத்தில் இடைவெளி விழாதிருக்க, ஒவ்வோர் ஊசியிலும் முதலிரு கண்ணிகளைச் சற்று இறுக்கினார். நாளுக்கு நான்கைந்து சுற்று. வலி மிகுந்தால் ஓய்வு. ஒரு சுற்றையேனும் நாங்கள் பின்னித் தருகிறோம் என்றோம், அவர் இசையவில்லை. பதினோராம் நாள் குல்லாய் முடிந்தது. அது இப்போது சிறியதாகிவிட்டது என்று மகள் எழுதியிருக்கிறாள். அதைவிட நற்செய்தி ஏது? அடுத்த குல்லாய்க்கு 88 கண்ணிகள்.

நம் இல்லத்துச் சிறுமியர்க்கும் இதைக் கற்பிக்க வேண்டுகிறோம். தடித்த நூலும் 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசியும் தொடக்கத்துக்கு ஏற்றவை. வேலையைப் பாதியில் வைக்கும்போது ஊசி முனைகளில் ரப்பர் வளையம் சுற்றி வையுங்கள், கண்ணி நழுவாது.