பதினாறு பல்

பழைய புல்லட் வாங்க வருகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், எங்கே எண்ணெய் கசிகிறது என்று குனிந்து பார்ப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார்கள். முன் ஸ்பிராக்கெட்டில் எத்தனை பல் என்று கேட்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டாலும் விற்கிறவருக்குத் தெரிந்திருக்காது. கிளட்ச்சுக்குப் பின்னால், பிரைமரி கேஸின் மறைவில் கிடக்கும் உள்ளங்கை அளவு இரும்பு அது. சமவெளியில் எத்தனை பல் இருந்தாலும் வண்டி ஓடிவிடும். போடியைத் தாண்டி, முந்தல் செக்போஸ்ட்டைக் கடந்து ஏற ஆரம்பித்ததும்தான் அது தன் கணக்கைக் காட்டும்.

என் வண்டி எண்பதுகளில் வந்த 350. மதுரையில் சில கைகள் மாறி, டி.என். 60 தேனிக்காரனான என்னிடம் வந்து சேர்ந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் முன்னால் 18 பல் ஸ்பிராக்கெட் போட்டிருந்தார். கம்பெனியிலிருந்து 350க்கு 16 பல்லும் 500க்கு 17 பல்லும் வரும். பின்னால் இரண்டுக்கும் 38. அவர் ஏன் 18 போட்டார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. நாற்கரச் சாலையில் போகிறவருக்கு அது நல்ல சுகம். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 16 பல் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்று சுற்ற வேண்டும். 18 பல்லுக்கு 3,100 போதும். 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் பாயும் பிஸ்டனுக்கு இந்த 400 சுற்று பெரிய விஷயம். கைப்பிடியின் அதிர்வு அடங்கும், சத்தம் தணியும், பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும்.

முன்னால் இரண்டே இரண்டு பல்தானே என்று தோன்றும். 38ஐ 16ஆல் வகுத்தால் 2.375, 18ஆல் வகுத்தால் 2.11. முன்னால் ஒரு பல் கூட்டுவது, பின்னால் ஏறக்குறைய இரண்டேகால் பல் குறைப்பதற்குச் சமம். அதனால்தான் முன் ஸ்பிராக்கெட்டில் கை வைக்கும்போது யோசித்து வைக்க வேண்டும்.

நம் ஊர் நிலத்தை யோசித்துப் பாருங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் சாலை பார்வைக்குச் சமதளம். பெரியாறு தண்ணீர் பாயும் வயல், வாழை, திராட்சைப் பந்தல், இரண்டு பக்கமும் மலை. ஏற்றமே இல்லாத இந்த ரோட்டில் 18 பல் பொருந்த வேண்டுமே? பங்குனி, சித்திரையில் பொருந்தும். ஆனி பிறந்ததும் கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிவிடும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆடியில் தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகிறவர் அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். எதிர்க்காற்றும் வண்டிக்கு ஒரு மேடுதான்.

அந்தக் காற்றில் 60 வேகத்தில் 18 பல் வண்டியை டாப்பில் நிறுத்த முடியாது. இழுவை போய், திணறி, மூன்றாவதுக்கு இறக்கச் சொல்லும். இறக்கினால் இன்ஜின் 3,100க்கு மேல் சுற்றும். அதே வேகத்தில் 16 பல் வண்டி டாப்பிலேயே 2,600இல் போய்க்கொண்டிருக்கும். சுற்றைக் குறைக்க என்று போட்ட பல், ஆடி மாதம் முழுக்க சுற்றைக் கூட்டிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்த ரோட்டில் வண்டி படும் பாட்டின் காரணம் எனக்குப் பிடிபட்டது. நல்ல ரோட்டுக்கு நல்ல பல் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போனதும் அன்றுதான்.

காற்றுக்கே இப்படி என்றால் மலைக்கு? எங்கள் சித்தப்பாவுக்குச் சாந்தன்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. போடிமெட்டு வழியாக அடிக்கடி ஏறி இறங்குகிறேன். 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையிலேயே போய்க்கொண்டிருக்கும். புல்லட்டின் பழைய பெட்டியில் கியர் நாலே நாலுதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இடைவெளி அதிகம். 18 பல்லோடு வளைவைச் சுற்றி வெளியே வந்ததும், இரண்டாவதில் இன்ஜின் அலறும், மூன்றாவதுக்குப் போட்டால் முக்கும். முக்கவிடுவதுதான் கெடுதல். இந்தப் பழைய 350இன் பிக் எண்டில் பேரிங்குக்குப் பதில் மிதக்கும் புஷ்தான் இருக்கிறது. குறைந்த சுற்றில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து மேட்டில் ஏற்றினால், ஒவ்வொரு வெடிப்பின் அடியும் அதன் மேல்தான் விழும். அது போனால் கிராங்க்கையே கழற்ற வேண்டிய வேலை.

செயின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்த பிறகு, எப்படியும் மாற்றத்தானே வேண்டும், பல் கணக்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று தேனியில் எனக்குத் தெரிந்த புல்லட் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் முதலில் எதையும் கழற்றவில்லை. பின் சக்கரத்தின் பின்புறம் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தார். பல்லை விட்டுச் செயின் பாதிப் பல் உயரத்துக்கு மேலே எழும்பியது. அப்புறம் இரும்பு ஸ்கேலை எடுத்து இருபது கண்ணியை அளந்தார். புதுச் செயினில் இருபது கண்ணி 317.5 மி.மீ. இருக்க வேண்டும். 324ஐத் தொட்டால் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். என்னுடையது அதையும் தாண்டியிருந்தது.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். தகடு ஒன்றும் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் துளித்துளியாகத் தேய்ந்து, அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. கண்ணியின் இடைவெளி கூடியதும் அது பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி உட்காரும். பல்லும் ஒரு பக்கமாகத் தேயும். தேய்ந்த முன் ஸ்பிராக்கெட்டின் பல் கருக்கரிவாள் மூக்குப் போலச் சாய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மாட்டினால், புதுசையும் அந்தப் பழைய பல் தன் வழிக்குத் தேய்த்துவிடும்.

“செயின மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல திரும்ப இங்கதான் தம்பி வருவீங்க” என்றார் அண்ணன்.

“மாத்துறதா இருந்தா முன் பல்லையும் சேத்து மாத்திருங்கண்ணே. ஆனா பதினாறு வேணும்.”

“மொதல்ல தொறந்து பாப்போம், உள்ள என்ன இருக்குன்னு.”

சி.டி. 100, ஸ்பிளெண்டர் போன்ற வண்டியில் இது அரை மணி நேர வேலை. இடது பக்கச் சின்ன மூடியைக் கழற்றினால் முன் ஸ்பிராக்கெட் கண்ணெதிரே நிற்கும். இரண்டு போல்ட்டை எடுத்துத் தகட்டைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். புல்லட்டில் அந்த இடத்துக்குப் போகவே அரை நாள் ஆகும். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், பிரைமரி கேஸ் எண்ணெய், வெளிமூடி, ஸ்டேட்டர், ரோட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சாக்குமேல் வரிசை கட்டின. பிரைமரி செயினுக்கு லாக் கிடையாது, முடிவில்லாத வளையம். அதனால் இன்ஜின் ஸ்பிராக்கெட்டையும் கிளட்ச் டிரம்மையும் தனித்தனியாக எடுக்க முடியாது. புல்லர் போட்டு இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். உள்மூடியும் போன பிறகுதான் முன் ஸ்பிராக்கெட் தெரிந்தது. கரியும் செம்மண்ணும் கிரீஸும் கெட்டியாக அப்பியிருந்தன. அண்ணன் டீசலில் துணியை நனைத்துத் துடைத்து, சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டு எண்ணினார்.

“பதினெட்டு போட்ருக்காய்ங்க. அதான் மேட்டுல முக்கியிருக்கு.”

அதைப் பிடித்திருக்கும் நட்டுக்கு இடது மறை. வழக்கமான திசையில் திருப்பினால் கழல்வதற்குப் பதில் இறுகும். தெரியாத கை பட்ட நட்டுகளில் உளித் தழும்பு இருக்கும். என் வண்டியில் இருந்தது. அண்ணன் நான்காவது கியரில் போட்டு, என்னைப் பின் பிரேக் கம்பியை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் ஒரே அழுத்தில் தளர்த்தினார்.

பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 17 போட்டுப் பார்க்கலாமா என்ற யோசனை அவருக்கு வந்தது. அதற்கு ஒரு நல்ல நியாயமும் உண்டு. செயினில் கண்ணி எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வரும். ஸ்பிராக்கெட்டும் இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பல் ஆயுள் முழுக்க ஒரே வகைக் கண்ணியில்தான் இறங்கும். 17 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் மாறும், தேய்மானம் பரவும். உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது மேட்டில் இழுவை. தேய்மானத்தைச் சுத்தம் செய்தும் எண்ணெய் விட்டும் தள்ளிப்போடலாம். இழுவையை அப்படிக் கொண்டுவர முடியாது. 16 என்றே சொல்லிவிட்டேன்.

இந்த வண்டியின் பூர்வீக ஊரான இங்கிலாந்தில் பல் மாற்றுவது சாதாரண விஷயமாக இருந்தது. சைடுகார் பூட்டினால் சின்னப் பல், தனியாக ஓட்டினால் பெரிய பல் என்று கம்பெனிகளே வைத்திருந்தன. ரேஸ்காரர்கள் இன்றைக்கும் ஒவ்வொரு மைதானத்துக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, இந்த வண்டி நம் வண்டியான பிறகு, ஷோரூமில் வந்த பல்லே தலையெழுத்து என்று நாம் இருந்துவிட்டோம். நம் பள்ளத்தாக்கில் அதிகம் உழைத்த வண்டி எது என்று கேட்டால் நான் டி.வி.எஸ். 50 என்றுதான் சொல்வேன். 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. கியரே கிடையாது, வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவைக்காகவே அமைத்த ஒரே விகிதம். புல்லுக்கட்டும் பால் கேனும் வாழைத்தாரும் அதில்தான் வயலிலிருந்து ஊருக்கு வந்தன. இழுவையின் அருமை நம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயின் மாட்டும்போது அண்ணன் லாக் போடும் இடத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏதாவது தட்டி ஒருநாள் கிளிப் பறக்கும். மலையில் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செயினைச் சுற்றவிட்டு, எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தித்தான் தொய்வு பார்த்தார். செயினை இறுக்கும் இரண்டு பக்கத்து நத்தைக் கேமும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று சரிபார்த்தார். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால், பல் மாறியும் முள் பொய் சொல்லவில்லை.

மறுவாரம் மலைக்குப் போனேன். முந்தலிலிருந்து மேலே மூன்றாவதிலேயே பெரும்பாலும் ஏறியது. வளைவில் மட்டும் இரண்டு. வெளியே வந்ததும் மூன்றாவதைத் தயங்காமல் வாங்கிக்கொண்டது. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் எனக்கு நிம்மதி அதிகம். த்ராட்டிலை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. முன்பெல்லாம் பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் டிரம் சூடேறி, பெடல் மிதியில் பிடிப்பு குறையும். ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிற ஜீப்காரர்கள் பின்னால் வந்தாலும் இப்போது பதறாமல் ஒதுங்கி வழி விட முடிகிறது.

இழந்ததும் இருக்கிறது. மதுரைக்குப் போனால் 70க்கு மேல் கைப்பிடி மரத்துப்போகிறது. வேகமாகப் போக வேண்டிய நாளில் பஸ் ஏறிவிடுகிறேன். பின் ஸ்பிராக்கெட் இந்த வண்டியில் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். என்னுடையதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அடுத்த செயினோடு அதையும் மாற்றிவிட வேண்டும் என்று டிரம் ஒன்றை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன்.

உசிலம்பட்டி வழியாகத் தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், தன் வண்டியிலும் 18தான் என்று தெரிந்து, மாற்றிவிடவா என்று கேட்டார். அவருக்கு ஏற்றம் என்றால் ஆண்டிபட்டிக் கணவாய் ஒன்றுதான்; மற்றதெல்லாம் நேர் ரோடு. ஆனால் சாயங்காலம் திரும்பும்போது ஆடிக்காற்று எதிரே அடிக்கும். செயின் நன்றாக இருக்கும்வரை 18 அப்படியே இருக்கட்டும், செயின் மாற்றுகிற அன்றைக்கு 17 போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.