பதினான்கு மில்லிமீட்டர்

பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். புல்லட் 500க்கு 84. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 90. சின்னசேலத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டின் சுவரில் இந்த எண்களைச் சாக்பீஸால் எழுதி, இருக்கிற கிராங்க்கிலேயே பெரிய பிளாக்கை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான். கணக்கில் பிசகில்லை. 346 சிசி, 499 ஆகும். 44 சதவீதம் கூடுதல்.

வீட்டில் சொன்ன காரணம் மலை. நான் மரவள்ளி வியாபாரி. கல்வராயன் மலையில் காடு காடாகப் போய்க் கிழங்கைப் பார்த்து, விலை பேசி, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு லோடு அனுப்புவது தொழில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறினால் வெள்ளிமலை வரைக்கும் வளைவும் ஏற்றமும்தான். பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டு போனால் வண்டி இரண்டாம் கியரில் முனகும். அது பொய்யில்லை. ஆனால் சேலம் – உளுந்தூர்ப்பேட்டை சாலையில் 200 சிசி வண்டிப் பையன்கள் என்னை ஓரங்கட்டிப் போவதுதான் நிஜமான காரணம். புல்லட் வைத்திருப்பவனுக்கு அது மானப் பிரச்சினை. நாற்பதைத் தொட்ட வயதில் இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? மலையின் தலையில் போட்டுவிட்டேன்.

இந்த இன்ஜின் நம்ம ஊர்ச் சரக்கு என்பதிலும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை. அங்கே தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே அதே 70க்கு 90 இன்ஜின் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது. பின்னாளில் 500 வந்தது. நடுவில் டாரஸ் என்றொரு டீசல் புல்லட்டும் இருந்தது. 325 சிசி, 6.5 குதிரைத்திறன். பம்ப்செட் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டு வரும், எண்ணெயை மட்டும் குடிக்காது. எங்கள் பக்கத்து விவசாயிகளில் புத்திசாலிகள் அதை வாங்கினார்கள். நான் புத்திசாலிகள் கூட்டத்தில் சேரவில்லை.

500இன் பிளாக், ஹெட், பிஸ்டன் எல்லாம் பழசாகச் சேலத்தில் கிடைத்தன. கார்புரேட்டரும் மாற வேண்டும். 350க்கு 24 மில்லிமீட்டர், 500க்கு 28. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பெரிய பிளாக்கின் ஸ்லீவ், சின்ன இன்ஜினின் கிராங்க்கேஸ் வாய்க்குள் இறங்காது. லேத்தில் கொடுத்து வாயை அகலப்படுத்த வேண்டும். லேத் பட்டறைப் பெரியவர் கேஸைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, வெட்டுறது எனக்கு அரை நாள் வேலை. வெட்டுனதை ஒட்ட யாராலயும் ஆகாது. இன்ஜின் நம்பர் இருக்கிற கேஸு வேற. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாயேன்."

"இல்லீங்க, இன்னைக்கே வெட்டிடுங்க" என்றேன்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரத்தின் சந்தோஷத்தைக் குறைத்துச் சொன்னால் அது பொய். சத்தமே கனத்துப்போனது. ஆக்சிலேட்டரைத் திருகினால் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. எதிர்பாராத ஒரு லாபம்: மலையிலிருந்து இறங்கும்போது பெரிய சிலிண்டர் வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும். டிரம் பிரேக்கை நம்பி இறங்கிய இறக்கங்களில் இப்போது கியரை நம்பி இறங்கினேன். மேலே ஏறுவதற்காகச் செய்த வேலை, கீழே இறங்கத்தான் அதிகம் உதவியது.

பிறகு கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. தகடுகளை மாற்றினோம். அடுத்து அதிர்வு. என் கிராங்க்கின் ஃப்ளைவீல், 350இன் சின்ன பிஸ்டனுக்கு எடைபார்த்துச் சமன்செய்யப்பட்டது. அதன்மேல் கனமான பிஸ்டனை உட்காரவைத்தால் சமன் கெடும். எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். பின் விளக்கின் பல்பு நிற்காது, நம்பர் பிளேட் விரிசல் விட்டது. கடைசியாக, அடிவயிற்றிலிருந்து டொக் டொக்கென்று சத்தம். பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ்தான். பிஸ்டனின் பரப்பு 44 சதவீதம் கூடினால், அதே அழுத்தத்துக்கு அந்தப் புஷ்ஷின்மேல் விழும் அடியும் 44 சதவீதம் கூடும். சுவரில் எழுதிய கணக்கில் இதை நான் சேர்க்கவேயில்லை. மெக்கானிக் அண்ணன் ராடை ஆட்டிக் காட்டிச் சொன்னார்: "முன்ன சிலிண்டருதான் உனக்குச் சொத்தை. இப்ப அதைக் கட்டிட்டோம். சொத்தை எங்கயும் போயிடலை, கீழ எறங்கிடுச்சு."

இத்தனைக்கும் கிடைத்த திறன் எவ்வளவு? ஆலைக் கணக்குப்படி வார்ப்பிரும்பு 350க்கு 18 குதிரைத்திறன், 500க்கு 22. கொள்ளளவு 44 சதவீதம் ஏறினால் திறன் 22 சதவீதம்தான் ஏறுகிறது. அதுவும் 500க்கென்றே செய்த வண்டியில். எனக்கு இது புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் என் தொழிலே இதுதான். கிழங்கு எடைக்கு எடை வாங்கினாலும் ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, வைத்துத்தான் காசு. மழை குடித்து ஊதிய கிழங்கு தராசில் கனக்கும், மாவு இறங்காது. சிசி என்பது எடை. உள்ளே போகிற காற்றும் பெட்ரோலும், வால்வும், வெளியேறும் வழியும் சேர்ந்து தருவதுதான் பாயிண்ட்.

சென்னை ஆலையே பின்னாளில் இந்த வேலையைச் செய்தது. 2013இல் வந்த கான்டினென்டல் ஜிடியில் அதே 90 மில்லிமீட்டர் ஓட்டத்தை வைத்துக்கொண்டு விட்டத்தை 84லிருந்து 87 ஆக்கினார்கள். 535 சிசி. மூன்றே மில்லிமீட்டர், 27 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் இருந்தது 29 ஆயிற்று. அந்த வண்டிக்கு இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸைக் கொண்டு புதுச் சட்டகம் வடிவமைத்தார்கள், முன்னால் பிரெம்போ டிஸ்க் பிரேக் வைத்தார்கள். நான் பதினான்கு மில்லிமீட்டர் கூட்டிவிட்டுக் கிளட்ச் தகடு மாற்றினேன்.

நியூசிலாந்தின் பர்ட் மன்றோ கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் வண்டியின் 600 சிசி இன்ஜினைத் தன் கொட்டகையிலேயே பெருக்கிப் பெருக்கி 950 ஆக்கியவர். பிஸ்டனைத் தானே வார்த்தார். 1967இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பொன்னவில் உப்புப் பாலையில் மணிக்கு 295 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். என் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். உடைந்த பிஸ்டன்களையும் ராடுகளையும் அவர் ஒரு அலமாரி நிறைய வேகக் கடவுளுக்குக் காணிக்கையாக அடுக்கி வைத்திருந்ததை மட்டும் சொல்லமாட்டேன். உப்புப் பாலையில் எதிரே வெள்ளிமலை பஸ் வராது என்பதையும்.

இனிச் சொல்லப்போவதுதான் கொஞ்சம் கூச்சமானது. ஆர்சி புத்தகத்தில் என் வண்டி 346 சிசி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. அந்த ஆண்டுதான் என் வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்பு. எண் பொறித்திருப்பது கிராங்க்கேஸில். நான் மாற்றியது அதற்கு மேலே இருப்பதை. பென்சிலால் தேய்த்து எடுத்த எண் புத்தகத்தோடு பொருந்தியது. வண்டி தேறியது. நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து டீ குடித்தபோது சாமர்த்தியமாகக்கூட இருந்தது.

அந்தச் சாமர்த்தியம் 2022இல் போயிற்று. அந்த ஜூன் முதல் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. நான் 1,366 கட்டிவிட்டு மலைக்குப் போனேன். வெள்ளிமலைக்கு முன் ஒரு வளைவில், தலையில் விறகுக்கட்டோடு ஒரு பாட்டி குறுக்கே வந்துவிட்டார். இடிக்கவில்லை. "பாத்து போ சாமி" என்றுவிட்டு நடந்தார். இடித்திருந்தால் அவர் குடும்பத்துக்கு யார் கொடுப்பார்கள்? காப்பீட்டுக்காரர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்து இது வேறு வண்டி என்று சொன்னால், நான் என்ன சொல்வேன்? ஆயிரத்து நானூறு ரூபாய் வித்தியாசத்துக்காக அல்ல, ஒரு பாட்டியின் பெயரில் நான் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன் என்பதற்காகவே அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதே லேத்துக்குத்தான் போனேன். பெரியவர் மகன் இப்போது கவனித்துக்கொள்கிறார். வெட்டிய வாய்க்குள் ஒரு வளையத்தைக் கடைந்து இறக்கிப் பழைய 70 மில்லிமீட்டர் பிளாக்கை உட்காரவைத்தார். வெட்டக் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு கூலி. மலைக்காக, கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம். சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய ஆறு சதவீதம் கூடியது, நெடுஞ்சாலை வேகம் அதே அளவு குறைந்தது. ஏற்றத்தில் இரண்டாம் கியர் முனகல் பெரிதும் நின்றுவிட்டது. மெக்கானிக் அண்ணனிடம், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீ மலையேற வழி கேட்டியா? 500 கேட்டே" என்றார்.

உளுந்தூர்ப்பேட்டை சாலையில் பையன்கள் முன்பைவிட வேகமாக முந்துகிறார்கள். 500 பிளாக்கும் ஹெட்டும் விலைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு, தலைவாசல் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். விலை பேசுவதற்கு முன் ஆர்சியைக் காட்டச் சொன்னேன். "எதுக்குண்ணே, பிளாக்குதானே?" என்று முறைத்தான். பிறகு செல்போனைத் துழாவிக் காட்டினான். 499 என்று இருந்தது. கேட்ட விலையில் ஐந்நூறு குறைத்துக் கொடுத்தனுப்பினேன்.