திரையில் கண்ட காடு

சிறுவயதில் விரும்பிப் பார்த்த படங்களை நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் பார்ப்பது, பழைய உறவினர் வீட்டுக்குப் போவதைப் போன்றது. வீடு அதே வீடுதான். பார்க்கும் கண்தான் மாறியிருக்கும். கடந்த பள்ளி விடுமுறையில் நான் மூன்று காட்டுப் படங்களை மீண்டும் பார்த்தேன்.

நாங்கள் வாழ்ந்த இடம் கமுந்திங். ஒரு பக்கம் பால்மரத் தோட்டம். அதற்கு அப்பால் லாருட் மலைத்தொடரின் அடர்ந்த காடு. 1980-களில் வீடியோ நாடா வைத்திருந்தவர் வீட்டு முன்னறையில் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவோம். படம் முடிந்த மறுநாள், பால்மரத்து நிழல் எங்களுக்கு ஆப்பிரிக்கக் காடாகிவிடும்.

முதலில் 'டார்ஸான்' படத்தைப் பார்த்தேன். நீச்சலில் 5 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்ற ஜானி வைஸ்முல்லர், 1932 முதல் 1948 வரை 12 படங்களில் டார்ஸானாக நடித்தார். அந்தக் காட்டின் பெரும்பகுதி உண்மையில் அமெரிக்காவில் இருந்தது. ஆப்பிரிக்க யானைகளுக்குக் காது பெரியது என்பதால், படத்தில் நடித்த ஆசிய யானைகளுக்குப் பொய்க் காதுகளைப் பொருத்தினார்கள்! கதையை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்கா சென்றதே இல்லை. இவற்றை அறிந்தபோது சிரிப்புத்தான் வந்தது.

ஆனால், முதல் படத்தில் வரும் ஒரு காட்சி சிரிக்க விடவில்லை. சுமை தூக்கி வரும் ஆப்பிரிக்கர் ஒருவர் செங்குத்தான மலைப்பாதையில் தவறி விழுந்து இறக்கிறார். உடன் வந்த வெள்ளையர், அவருடைய மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்கிறார். இறந்தவருக்குக் கதையில் பெயர்கூட இல்லை. காண்டா வாளியில் பால் சுமந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். கிளைக்குக் கிளை தாவும் வீரனை மட்டும் தேடிய என் கண், இம்முறை அந்தச் சுமைக்காரரைத் தேடியது.

அடுத்தது 1937-இல் வெளிவந்த 'யானைச் சிறுவன்' என்னும் ஆங்கிலப் படம். அதன் நாயகன் சாபு, மைசூர்ப் பகுதியில் பிறந்த யானைப்பாகனின் மகன். பதின்ம வயதுகூட நிறையாதபோது படத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். யானையின் தும்பிக்கையைத் தொடும் அவனுடைய கையில் நடிப்பு இல்லை, பழக்கம் இருக்கிறது. காட்டை அறிந்தவன் காட்டைப் பற்றிய படத்தில் நாயகனாக வந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

மூன்றாவது, 1972-இல் வெளிவந்த 'நல்ல நேரம்'. சின்னப்பா தேவர் 1967-இல் எடுத்த 'தெய்வச் செயல்' என்னும் யானைப்படம் தோல்வி அடைந்தது. அவர் தளரவில்லை. அதே கதைக்கருவை வளர்த்து 1971-இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' படத்தை எடுத்தார். அது பெரும் வெற்றி பெற்றது. அதன் தமிழ் வடிவமே எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்'. வளர்த்தவனுக்காக யானை ராமு உயிரை விடும் கதை அது. என் மகள் கண்களைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, யானை மனுஷனுக்காக இவ்வளவு செய்யுது. மனுஷன் யானைக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பேராக் மாநிலத்திலேயே சான்றுகள் உண்டு. லோங் ஜாஃபாரின் 'லாருட்' என்னும் யானை காணாமற்போய், காலில் ஈயமண் ஒட்டியபடி திரும்பி வந்ததால்தான் இங்கு ஈயம் இருப்பது தெரிந்தது என்று மரபுக்கதை சொல்கிறது. அந்த ஈயத்தால் தைப்பிங்கும் கமுந்திங்கும் வளர்ந்தன. காடு குறைந்தது. 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், தன் கூட்டத்தைக் காக்க ஒரு காட்டு யானை ஓடும் இரயிலை முட்டித் தடம்புரளச் செய்து உயிர்விட்டது. தெலுக் இந்தான் அருகே அதற்கு நினைவுப் பலகை உள்ளது. 2025 மே 11, அன்னையர் தினம். கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு யானைக்குட்டி லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை அந்த லாரியைத் தலையால் முட்டியபடி, அவ்விடத்தை விட்டு அகலாமல் நின்றது. இரயிலுக்கும் லாரிக்கும் இடையே 130 ஆண்டுகள் கடந்துவிட்டன. யானை மாறவில்லை.

விடியுமுன் தலைவிளக்கோடு மரம் சீவப் போன என் அப்பா, "காட்டை அடக்கணும்னு நினைக்கக் கூடாது. அது வந்தா வழிவிட்டு ஒதுங்கி நிக்கணும்" என்பார். வனவிலங்கு கடக்கும் இடம் என்ற பலகையைக் கண்டதும் வண்டியின் வேகத்தைக் குறைப்பதும் வழிவிடுவதுதான். மகளின் கேள்விக்கு நான் சொன்ன விடை அதுவே. பழைய படங்களை நான் இன்னும் விரும்புகிறேன். ஆனால், திரையில் யானைக்காக அழுதவர்கள் சாலையில் அதற்காகச் சற்று நின்றால், அந்தக் கண்ணீருக்குப் பொருள் இருக்கும்.